ஓசிஐ கார்டு, வீட்டுக் கடன்: ஃபைல் எங்கே மாட்டுச்சு?

முத்தியால்பேட்டை_ஏஜென்ட்

போன வாரம் திரும்பி வந்த ஃபைல். பிரெஞ்சு பாஸ்போர்ட், ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான கார்டு), அஞ்சு வருஷமா வாசம் புதுச்சேரிதான். லாஸ்பேட்டையில் 50 லட்சம் ஃப்ளாட், 40 லட்சம் கடன். எஃப்டி மேல எடுத்த கிரெடிட் கார்டை 14 மாசமா ஒரு நாள் தவறாம கட்டியிருக்காங்க. லிமிட்டில் முப்பது சதவீதம்கூடத் தாண்டலை. ஆபீசர் சிபில் (கடன் வரலாறு, ஸ்கோர் வச்சிருக்கிற கிரெடிட் பீரோ) இழுக்கிறார், திரையில் -1. கடன் வரலாறே இல்லாத ஆளுக்கு வர்ற நம்பர் அது.

கார்டு எடுத்தப்ப பான் கிடையாது. ஃபார்ம் 60 கொடுத்து, பாஸ்போர்ட் நம்பரில் வாங்கியது. நடுவில் பாஸ்போர்ட் புதுப்பிச்சாச்சு, நம்பர் மாறிப் போச்சு. இப்ப கடன் விண்ணப்பத்தில் புது பான், புது பாஸ்போர்ட். போதாததுக்குப் பெயர் வேற. பாஸ்போர்ட்டில் முதல் வரி அப்பா வீட்டுக் குடும்பப் பெயர், கீழே தனி வரியில் கணவர் பெயர். கார்டில் கணவர் பெயர், பானில் அப்பா வீட்டுப் பெயர். 14 மாச வரலாறு எங்கேயோ அநாதையாக் கிடக்கு.

சரி பண்ற வழி: முதலில் கார்டு கொடுத்த பேங்கில் பான், புது பாஸ்போர்ட், ஓசிஐ மூணையும் வச்சு கேஒய்சி திருத்தணும். சிபில்கிட்ட நேரா போய்ப் பிரயோஜனம் இல்ல, பேங்க் அனுப்புறதைத்தான் அவங்க ஏத்துவாங்க. 2025 ஜனவரியிலிருந்து 15 நாளைக்கு ஒரு தடவையாவது அனுப்புறாங்க, அதனால் ரெண்டு சுத்து பொறுத்துப் பார்க்கலாம். அப்பவும் சேரலைன்னா சிபிலில் டிஸ்ப்யூட், அதாவது திருத்தப் புகார். 30 நாளில் முடிக்கலைன்னா நாளுக்கு 100 ரூபாய், தாமதம் பண்ணினவங்க தரணும். மத்த மூணு கிரெடிட் பீரோவையும் பாருங்க: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் ஒவ்வொண்ணிலும் இலவசம்.

கடலூர்_ஓடி

இவ்வளவு சுத்தணுமா? முதல் தடவை கடன் கேட்கிறவரை, வரலாறு இல்லைங்கிற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 வழிகாட்டுதலில் இருக்கே. அதைக் காட்டினா முடிஞ்சது. இல்ல, பிரான்ஸில் கடன் கட்டின ஸ்கோரைக் கொண்டு வரட்டும்.

முத்தியால்பேட்டை_ஏஜென்ட்

அண்ணே, பிரான்ஸில் ஸ்கோர்னு ஒண்ணே கிடையாது. பாங்க் து பிரான்ஸ் வச்சிருக்கிறது தவணை தவறினவங்க பட்டியல். இருபது வருஷம் ஒழுங்கா கட்டினவருக்கு அங்கே காட்ட ஒரு காகிதமும் இல்ல. இருந்தாலும் இங்கே எடுத்துக்க மாட்டாங்க. வழிகாட்டுதல் சரிதான். ஆனா தள்ளக்கூடாதுங்கிறது வேற, குறைஞ்ச வட்டிக்குக் கொடுக்கிறது வேற. -1க்குப் பல பேங்க்கில் வட்டி கூட்டித்தான் போடுவாங்க.

லாஸ்பேட்டை_ஆடிட்டர்

நீங்கள் இருவரும் சிபிலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்ததுமே கவுன்ட்டரில் என்ஆர்ஐ படிவத்தை எடுத்து நீட்டுகிறார்களே, பாதி ஃபைல் அங்கேயே கெடுகிறது. ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்டம், குடியுரிமையைப் பார்ப்பதில்லை. முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்து, வேலைக்கோ தொழிலுக்கோ காலவரை சொல்லாமலோ தங்கியிருந்தால் அவர் இந்தியாவில் வசிப்பவர். அவரிடம் என்ஆர்ஓ கணக்கும் (என்ஆர்ஐகளுக்கான ரூபாய்க் கணக்கு) பவர் பத்திரமும் கேட்பது தப்பு. பாஸ்போர்ட்டில் உள்ள வருகை முத்திரைகளை நகலெடுத்து, நாள் கணக்கை ஒரு தாளில் எழுதி, முதல் நாளே ஃபைலின் மேலே வையுங்கள். டூரிஸ்ட் விசாவில் 182 நாள் இருந்தால் இது செல்லாது.

இலங்கை பாஸ்போர்ட் என்றால் கதை வேறு. இங்கேயே வசித்தாலும் வீடு வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும், ஓசிஐ இருந்தால் ஒழிய. ஆரோவில் வீட்டை ஈடு காட்டலாமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வீடுகள் ஆரோவில் ஃபவுண்டேஷனுடையவை, குடியிருப்பவர் அடமானம் வைக்க முடியாது.

சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கானது) வாங்குகிறவர்களுக்கு: யூரோ வந்த 12 மாத ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது, அந்தப் பென்ஷனைக் காட்டிய வருமான வரி ரிட்டர்னும் கேட்பார்கள்.

பாகூர்_பத்திரம்

ஐயா, சிபில் 800 இருந்தாலும் வக்கீல் ஒப்பீனியனில் நிற்கும். நம்ம ஊரில் தாய்ப் பத்திரம் பிரெஞ்சில், நொத்தேர் (பிரெஞ்சு காலத்துப் பத்திர அதிகாரி) எழுதினதா இருக்கும். பேங்க் வக்கீலுக்கு பிரெஞ்சு தெரியாது, மொழிபெயர்ப்பு கேட்பார். பத்திரத்துக்கு ஒரு ஆள், இணைப்புக்கு ஒரு ஆள்னு கொடுத்தீங்கன்னா ஒரே தாத்தா பெயர் ரெண்டு எழுத்தில் வந்து நிக்கும். ஒரே ஆள்கிட்ட கொடுங்க. பிரெஞ்சு ஆட்சியின் 1881 டிக்ரீப்படி (அரசாணை) குடும்பப் பெயர் வச்சுக்கிட்ட வீடுகளில் இன்னும் கஷ்டம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், பட்டாவில் இனிஷியலோடு தமிழ்ப் பெயர். ரெண்டும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட்டும், மேரியில் (நகராட்சி அலுவலகம்) பதிவான பிறப்புச் சான்றும் சேர்த்துக் கொடுக்கணும். வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போடுங்க. 13 வருஷம் போட்டுட்டு வந்து நிக்கிறாங்க.

கைக்காசு கணக்கையும் யாரும் சொல்லலை. கடன் 30 லட்சம் வரைக்கும்னா மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரைக்கும் 80, அதுக்கு மேல 75. இது உச்சவரம்பு. அந்த மதிப்பில் முத்திரைத்தாள் செலவு சேராது. இதே 50 லட்சத்துக்கு ஒரு தனி வீட்டைக் கடலூர் பக்கம் வாங்கினா தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நாலரை லட்சம். அதோட 10 லட்சம் உங்க பங்கு. பதினாலரை லட்சம் கையில் இல்லாம அட்வான்ஸ் போடாதீங்க. விக்கிறவர் வரிக் கணக்கில் வெளிநாட்டில் இருக்கிறவர்னா ஒரு சதவீத டிடிஎஸ் (வாங்குறவர் பிடிச்சுக் கட்டுற வரி) இல்ல, அவங்களுக்குன்னு இருக்கிற விகிதத்தில் பிடிக்கணும். பிடிக்காம விட்டா நோட்டீஸ் வாங்கினவருக்குத்தான் வரும்.

முத்தியால்பேட்டை_ஏஜென்ட்

பத்திரம் சுத்தமா இருக்கு ஐயா, புது ஃப்ளாட்தான். மாட்டினது -1லதான் 🙂

கடலூர்_ஓடி

அப்ப அந்தப் பழைய கார்டை மூடிட்டு, பான் போட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துட்டா?

முத்தியால்பேட்டை_ஏஜென்ட்

மூடாதீங்க. மூடின கணக்குக்கு பேங்க் திருத்தம் அனுப்ப வைக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். புது கார்டுன்னா ஸ்கோர் வரவே ஆறு மாசம் ஆகும். பில்டர் அக்ரிமென்ட்டில் மூணு மாசம்தான் கெடு.