வேகவைத்த ஆப்பிளும் வயிறும்: எங்கள் வீடுகளில் நடந்தது

திருச்சியிலிருந்து

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரிய தொல்லையாக இருந்தது வலி அல்ல, மலச்சிக்கல். வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் பலருக்கு இப்படித்தான் ஆகிறது. நடமாட்டமும் குறைந்துவிட்டது. இசப்கோலைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் வாயில் வைத்ததும் குமட்டல். பல் செட் போட்டிருப்பதால் பச்சை ஆப்பிளோ கொய்யாவோ கடிக்க முடியாது. வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபி பெண்தான் ஆப்பிளை வேகவைத்துக் கொடுத்துப் பாருங்கள் என்றார்.

நான் செய்கிற முறை இது. இரண்டு ஆப்பிளை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன். கடையில் மினுமினுக்கும் பழங்களின் மேல் பெரும்பாலும் மெழுகு இருக்கும். நடுத்தண்டையும் விதையையும் எடுத்துவிட்டு, தோலோடு சின்னத் துண்டுகளாக நறுக்கி, அடி கனமான பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீர், ஒரு சின்னத் துண்டு பட்டை, இரண்டு கிராம்போடு மூடி வைத்து சிம்மில் 15 முதல் 20 நிமிடம். கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும், ஆனால் துண்டு துண்டாகவே நிற்க வேண்டும். குக்கரில் வைத்தால் தோல் தனியாகக் கழன்று சுருண்டுவிடுகிறது, அம்மாவுக்கு அது தொண்டையில் ஒட்டியது. அதனால் பாத்திரம்தான். சர்க்கரை வேண்டவே வேண்டாம், வெந்ததும் இனிப்பு தானாகவே தூக்கலாகத் தெரியும்.

அடியில் நிற்கும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆறினால் லேசாகக் கொழகொழவென்று ஆகும். ஆப்பிளில் இருக்கும் பெக்டின் என்ற நார்ச்சத்து கரைந்து இறங்கியிருப்பதுதான் காரணம். ஜாம் கெட்டியாவதும் இதே பெக்டினால்தான். பழத்தின் செல் சுவரில் இறுகிக் கிடக்கும் பெக்டின் சூட்டில் தளர்ந்து கரைகிறது. இதைச் செரிக்கிற நொதி நம் உடம்பில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இதைத் தின்று, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கியமான உணவு. தோலில் அதிகம் இருப்பது கரையாத நார், அது மலத்துக்குப் பருமன் கொடுக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதால்தான் தோலைச் சீவுவதில்லை. வேகவைக்கும்போது வைட்டமின் சி குறையும், உண்மைதான். அதற்கு நெல்லிக்காய் இருக்கிறது.

அம்மா காலையில் வெறும் வயிற்றில் சூடு ஆறுவதற்குள் சாப்பிடுவார், பின்னாலேயே ஒரு டம்ளர் வெந்நீர். ஒரு வாரத்துக்குள்ளாகவே மாற்றம் தெரிந்தது. கூடவே வாக்கர் பிடித்து நடக்கவும் ஆரம்பித்திருந்தார், தண்ணீரும் அதிகம் குடித்தார். எல்லாப் பெருமையையும் ஆப்பிளுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் முகம் சுளிக்காமல் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே விஷயம் அதுதான்.

உங்கள் வீடுகளில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

அக்கா, நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். என் மகனுக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் முதலில் சொன்னது ஓஆர்எஸ் கரைசல், பிறகு 14 நாளைக்கு ஜிங்க் மருந்து. போக்கு நின்றாலும் ஜிங்க்கை நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். சாப்பாட்டுக்கு, வேகவைத்த ஆப்பிள் கொடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அதை மட்டுமே கொடுக்காதீர்கள் என்றார். ஒரு காலத்தில் வாழைப்பழம், சோறு, ஆப்பிள் கூழ், ரொட்டி என்று இந்த நான்கோடு நிறுத்தச் சொல்வார்களாம். அதில் புரதமும் கொழுப்பும் போதாது என்பதால் இப்போது அப்படிச் சொல்வதில்லை. பிள்ளை சாப்பிடும் வழக்கமான சாப்பாட்டையே குழைவாகக் கொடுக்கச் சொன்னார்.

போக்கு இருக்கும்போது தோலைச் சீவிவிட்டேன். இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து மசித்து, தயிர் சாதத்துக்கு முன்னால் இரண்டு மூன்று ஸ்பூன். பெக்டின் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதால் மலம் கொஞ்சம் கெட்டியாகுமாம். ஆப்பிள் ஜூஸ் மட்டும் கொடுக்க வேண்டாம் என்றார். அதில் நார் இல்லை, சர்க்கரைதான் மிச்சம், போக்கு கூடும்.

ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவாகவும் இதே கூழைத்தான் கொடுத்தேன். ஒரு வயது வரை அதில் தேன் சேர்க்காதீர்கள், யார் சொன்னாலும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் விஷத்தை உண்டாக்கிவிடும்.

மதுரையிலிருந்து

எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய். மனைவி ஆசையாகச் செய்து கொடுத்த ஆப்பிளை ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மத்தியானத்துக்குள் வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிடும். உணவு ஆலோசகர் விளக்கினார்: ஆப்பிளில் ஃபிரக்டோஸும் சார்பிட்டாலும் அதிகம். இரண்டும் சிலருடைய சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கீழே இறங்கித் தண்ணீரை இழுக்கும், பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வேகவைப்பதால் இவை ஓடிப்போய்விடாது. இப்படிச் சரியாக உறிஞ்சப்படாத சர்க்கரைகளைக் குறைப்பதற்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபாட்மேப் உணவுமுறையில் ஆப்பிள் தவிர்க்க வேண்டிய பட்டியலில்தான் வருகிறது.

இப்போது எனக்குப் பப்பாளியும் ஆரஞ்சும் சரியாக இருக்கின்றன. எல்லாருக்கும் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, உப்புசத்தைத் தாங்கிக்கொண்டு தொடராதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு ஸ்பூனில் ஆரம்பிப்பது நல்லது.

ஜெர்மனி, ஸ்டுட்கார்ட்டிலிருந்து

யாழ்ப்பாணத்தில் இருக்கும்வரை எனக்கு ஆப்பிளால் ஒன்றும் வந்ததில்லை. இங்கு வந்து சில வருடங்களில் பச்சையாகக் கடித்தால் உதடும் அண்ணமும் அரிக்கத் தொடங்கியது. பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இப்படி வருமாம். அந்த மகரந்தத்தில் இருக்கும் புரதமும் ஆப்பிளின் புரதம் ஒன்றும் ஒரே சாயல், உடம்பு ஆளை மாற்றி நினைத்துவிடுகிறது. அந்தப் புரதம் சூட்டில் குலைந்துவிடும் என்பதால், வேகவைத்த ஆப்பிள் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. இதை டாக்டரிடம் கேட்ட பிறகுதான் சாப்பிட்டேன். தொண்டை வீங்குகிறவர்கள் வீட்டில் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

இந்த ஊர்க்காரருக்கு வெந்த ஆப்பிள் பழகின சாப்பாடு. போஸ்கூப் என்று ஒரு புளிப்பு ரகம் உண்டு, பத்தே நிமிடத்தில் குழைந்துவிடும். கடையில் போத்தலிலும் கிடைக்கும்: ஆப்ஃபல்மூஸ் என்று இருந்தால் பெரும்பாலும் சீனி போட்டது, ஆப்ஃபல்மார்க் என்றால் சீனி சேர்க்காதது. நான் அம்மா அனுப்பும் கறுவாவைப் போட்டு வீட்டிலேயே அவிக்கிறேன். இலங்கைக் கறுவா மெல்லிசாக, சுருட்டுப் போலப் பல அடுக்காக இருக்கும். தடித்த ஒற்றைப் பட்டை கேசியா. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், நாளாந்தம் நிறையச் சேர்த்தால் ஈரலுக்குக் கூடாது.

திருச்சியிலிருந்து, மறுபடியும்

மதுரைத் தம்பி எழுதியது ரொம்ப முக்கியம். என் அத்தைக்கும் உப்புசம் வந்ததாக இப்போதுதான் சொல்கிறார், கூச்சப்பட்டு மறைத்திருக்கிறார்.

கேட்டவர்களுக்கு: சர்க்கரை நோய் உள்ளவர்கள் இட்லி, பொங்கலோடு கூடுதலாக இதையும் சேர்க்காமல், ஒரு சின்ன ஆப்பிள் அளவோடு நிறுத்துங்கள். அதிலும் தோலோடுதான். என்ன ஆப்பிள் என்றால், சிம்லாவோ காஷ்மீரோ எதுவும் சரி. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை புதுப்பழம் வரும்போது விலையும் இறங்கும். வாங்கி வைத்து மாவாகிப்போன சிவப்பு ஆப்பிள்கூட இதற்கு நன்றாகவே வரும். செய்ததை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

ஆப்பிள் வாங்கித்தான் தீர வேண்டும் என்பதும் இல்லை. பல் உறுதியாக இருப்பவர்களுக்குக் கொய்யா போதும். 100 கிராம் ஆப்பிளில் தோலோடு நார் இரண்டரை கிராம் வாக்கில்தான், கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். விலையும் பாதிக்குக் கீழே. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஆப்பிள், எங்களுக்குக் கொய்யா.

மலத்தில் ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ அடுப்படிக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.