சரளமாக வாசிக்கிறார்கள், ஆனால் புரியவில்லை: எட்டாம் வகுப்பு ஆங்கிலம்

திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தமிழ்வழி, 34 பிள்ளைகள். ஜூனிலிருந்து இதே கதைதான்: பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள், என்ன புரிந்தது என்றால் முழிக்கிறார்கள். கேள்வியில் 'கவ்' (cow) இருந்தால் பத்தியில் 'கவ்' வரும் வரியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது, அதுதான் வினை. 'ஹி' (he) யாரைக் குறிக்கிறது என்றால் வகுப்பே அமைதி.

அருஞ்சொற்களை முன்கூட்டியே கொடுத்தேன். கதையைத் தமிழில் சொன்னேன். அப்புறம் ஆங்கிலப் பக்கத்தை யாரும் பார்க்கவே இல்லை. பாலின்சார், பிரௌன் என்ற கல்வி ஆய்வாளர்கள் 1984-இல் எழுதிய முறைப்படி ஊகிக்க, கேள்வி கேட்க, தெளிவுபடுத்த, சுருக்கிச் சொல்ல என்று குழுவுக்குள் வேலை பிரித்தேன். ஆங்கிலத்தில் பேச வராமல் மூன்றாம் நாளே நின்றது.

அந்தக் குழுப் பேச்சைத் தமிழிலேயே நடத்தி, விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவைத்து யாருக்காவது பலித்திருக்கிறதா?