எண்ணெய்க் கிணறுகளில் நீர் உட்செலுத்தலும் பாறையின் ஊடுருவுதிறன் (நீரைத் தன்னூடே செல்லவிடும் திறன்) இழப்பும்: கணிப்பு மாதிரிகளோடு உங்கள் அனுபவம் என்ன?

திருநகர்வாசி:
மதுரைப் பொறியியல் கல்லூரி ஒன்றில் திட்டப்பணித் தேர்வுக்கு வெளித்தேர்வராகச் சென்றிருந்தேன். இந்த இழப்பைக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்த கணினிக் கற்றல் முறை) மாதிரியின் கணிப்பும் ஆய்வக அளவீடும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும் வரைபடத்தை மாணவி திரையில் காட்டினார். சோதனைக்கென ஒதுக்கிய வரிகளின் பாறை எண்களைக் கேட்டேன். அட்டவணையை உருட்டிக்கொண்டே வந்தவரின் விரல் பாதியில் நின்றுவிட்டது. அதே பாறைத் துண்டுகள் மாதிரி கற்றுக்கொண்ட பயிற்சித் தரவிலும் இருந்தன. ஒரே துண்டில் நீர் செல்லச் செல்ல எடுத்த அளவீடுகளைக் கலைத்துப் பிரித்தால், மாதிரி பழகிய பாறையை அடையாளம் காண்கிறதே தவிர, புதிய பாறையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் இதெல்லாம் வழக்கம்தான் என்று சிரித்தது இன்னும் உறுத்துகிறது.

ஆனையூர்க்காரன்:
துண்டு வாரியாகப் பிரித்துவிட்டால் போதும் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. கடற்பரப்புக் கிணறுகளில் வேலை பார்த்த காலத்தில் எங்களிடம் வந்த மாதிரிக்கு, நீரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மொத்த உப்பளவு மட்டுமே. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் உண்டு. பாறையிலுள்ள நீரில் பேரியம் இருந்தால், இரண்டும் கலக்குமிடத்தில் பேரியம் சல்பேட் படியும். தெளிந்த இரு நீரையும் ஒரே குடுவையில் ஊற்றிக் காட்டினேன். உடனே வெண்மையாகக் கலங்கியது. நம் ஊர் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படிகிற சுண்ணாம்பையாவது அமிலத்தால் கரைத்துவிடலாம், இது அதற்கும் மசியாது. மாதிரியைக் கொண்டுவந்த இளைஞர் குடுவையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். உள்ளீட்டை மட்டும் மாற்றவில்லை.

மேலூர் வாசகர்:
ஆனையூர் ஐயா உப்புப் படிவோடு நிறுத்திக்கொண்டார். மணற்பாறையில் களிமண் அதைவிடப் பெரிய தொல்லை. உப்புக் குறைந்த நீரால் இழப்பே இராது என்று ஒரு மாதிரி சொன்ன பாறைத் துண்டு, என் கண்ணெதிரே அடைத்துக்கொண்டது. மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை நீரில் ஊதிப் பெருகும், கயோலினைட் என்ற வகையின் துகள்கள் கழன்றுபோய் நுண்துளைகளின் கழுத்தில் சிக்கும். பயிற்சித் தரவு முழுவதும் உப்பு மிகுந்த நீரிலேயே எடுக்கப்பட்டிருந்தால் மாதிரிக்கு இது எப்படித் தெரியும்? ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற மர வகை மாதிரிகள் தாம் கண்ட இழப்பின் எல்லையைத் தாண்டி விடை தருவதில்லை. ஆகவே இதில் இறங்குவோர் எக்ஸ் கதிர்ச் சோதனையில் களிமண் வகைகளின் விகிதத்தை அறிந்து உள்ளீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856இல் வெளியிட்ட நீரோட்ட விதிப்படி ஊடுருவுதிறனைக் கணக்கிடும்போது, அந்தந்த வெப்பநிலைக்குரிய நீரின் பாகுநிலையை (ஓட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு) பயன்படுத்துங்கள்; நீர் குளிர்ந்ததால் ஏறிய அழுத்தம்கூடப் பாறை அடைத்ததுபோல் தோன்றும். பயிற்சித் தரவின் எல்லைக்கு வெளியே உள்ள நீர் வந்தால், மாதிரி விடை தராமல் எச்சரிக்கும்படி நிரலை எழுதுங்கள்.