சொல் தேவை: மனிதர் விடயத்தில் 'இனம்' சரிவருமா?

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். உயிரியலில் 'ஸ்பீசிஸ்' (species) என்பதை நாங்கள் 'இனம்' என்று எழுதுகிறோம். அதில்தான் சிக்கல். வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. ஆதிமனிதர் பற்றிய பதாகைகளைப் புதன் காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, புளோரெஸ் தீவுப் பதாகை மட்டும் நிற்கிறது.

2003இல் இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில், லியாங் புவா குகையில் வளர்ந்த பெண் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. உயரம் ஒரு மீற்றருக்குச் சற்றுமேல். மூளை சுமார் 400 கன சென்ரிமீற்றர், நம்முடையதில் மூன்றில் ஒரு பங்களவு. அடுத்த ஆண்டே ஹோமோ புளோரெசியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். அந்நாட்டின் மூத்த ஆய்வாளர் தெயுகு ஜேக்கப் அதை ஏற்கவில்லை. நோயால் தலை சிறுத்துப்போன நம்மைப் போன்ற மனிதர்தான் என்றார்.

"தனி இனமா, நோயுற்ற மனிதரா?" என்று தலைப்பு எழுதினேன். வாசித்த மாணவி கேட்டாள்: "இனம் எண்டா தமிழர், சிங்களவர் மாதிரியோ ரீச்சர்?" பூனையும் சிறுத்தையும் வேறு வேறு இனம் என்று பாடநூலில் படித்த பிள்ளை. மனிதர் என்றதும் சொல் வேறு பக்கம் போய்விட்டது. வன்னிப் பிள்ளைக்குத் 'தனி', 'இனம்' இரண்டும் சேர்ந்து வந்தால் உயிரியல் நினைவுக்கு வராது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

மதுரை

இதில் குழப்பமே இல்லையே அம்மா. எங்கள் பாடநூல்களில் ஸ்பீசிஸ் சிற்றினம், நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி பேரினம். பல காலமாகப் புழங்கும் சொற்கள். நீங்கள் பேரினத்தைச் 'சாதி' என்று எழுதுவதைப் பார்த்தால்தான் எங்களுக்குத் திகைப்பு.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சிற்றினமா? "சிற்றினம் அஞ்சும் பெருமை" என்று தொடங்குகிறது ஒரு குறள். சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே சிற்றினம் என்றால் கீழோர் கூட்டம். புளோரெஸ் பெண்ணை அந்தச் சொல்லால் அழைக்க எனக்கு மனம் வராது.

தொல்காப்பியர் தம் நூலின் மரபியல் என்னும் இயலில் வழி காட்டியிருக்கிறார். "மக்கள் தாமே ஆறறி வுயிரே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே." மக்களோடு சேர்த்தெண்ண வேறு பிறப்புகளும் உண்டு என்கிறார். 'கிளைப்பிறப்பு' என்று வையுங்கள். கிளை என்றால் சுற்றம், கிளைஞர் உறவினர். மரக்கிளையும் அதுவே, பரிணாம மரத்துக்குப் பொருந்தும். கிளைத்தல் என்பதற்குக் கிளறுதல், தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. மண்ணைக் கிளைத்து எடுத்த எலும்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? கேள், கேண்மை, கிளை மூன்றும் ஒரு வேரா என்று தனியாக எழுதுகிறேன்.

ரொறன்ரோ

ஐயா, புதன்கிழமைக்குள் வேண்டுமாம். 'ஸ்பீசிஸ்' என்றே எழுதிவிட்டால் என்ன? பஸ், போன் எல்லாம் எழுதுகிறோமே.

முல்லைத்தீவு, விவசாயப் போதனாசிரியர்

ஸ்பீசிஸ் வேண்டாம் தம்பி. பிள்ளைகள் சோதனை எழுதுவது தமிழில், புள்ளித்திட்டத்தில் இருப்பது 'இனம்'. ஆனால் அந்தச் சொல்லில் எனக்கும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே வயலுக்குப் போனால் மொட்டைக்கறுப்பன் ஒரு இனம், பச்சைப்பெருமாள் ஒரு இனம், ஆட்டக்காரி ஒரு இனம். மூன்றும் ஒரே நெல், ஒன்றோடொன்று கலக்கும். ஆக விவசாயியின் இனம், பாடநூல் இனத்துக்குக் கீழே நிற்கிறது. அதைப் பதாகையில் எங்காவது சொல்லுங்கள்.

மன்னார்

அந்தத் தொல்காப்பிய நூற்பாவின் 'பிறவும்' என்பதற்குத் தேவர், அசுரர், இயக்கர் என்று உரை சொல்வார்கள். இயக்கரும் நாகரும் இலங்கைத் தீவில் முன்பே இருந்தவர்கள் என்று மகாவம்சமும் சொல்கிறது. கல்லாயுதங்கள் கிடைத்த செம்மண் படிவுக்கு ஆய்வாளர் வைத்த பெயரே, உங்கள் கிளிநொச்சி இரணைமடுவை வைத்து, இரணைமடுப் படிவு. அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் வேறு மனிதராக இருந்தால்? 'இயக்கர்' என்பதையே கலைச்சொல்லாக்கலாம்.

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை

மன்னார் அண்ணா, இதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். கல்லை மட்டும் வைத்துச் செதுக்கியவர் எந்த இனம் என்று சொல்ல முடியாது. எலும்பு வேண்டும். இலங்கையில் பழைய மனித எலும்புகள் கிடைத்த பட்டதொம்பலென, பாகியன்கல குகைகள் தெற்கே இருக்கின்றன. அவர்கள் எல்லாரும் ஹோமோ சேப்பியன்ஸ். இலங்கைத் தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 'ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ்' என்று துணையினப் பெயர் வைத்தார். இன்று அதைத் தனிப் பிரிவாக எடுப்பதில்லை. பலாங்கொடை மனிதன் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. இதிகாசப் பெயரை எலும்பில் ஒட்டினால், யார் முதலில் வந்தது என்ற சண்டைக்கு நாங்களே விறகு கொடுத்தவர்கள் ஆவோம்.

எனக்கு வேண்டியது தீர்ப்பைத் தனக்குள் வைத்திராத ஒரு சொல். 1856இல் ஜேர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் நியாண்டர்தால் மனிதரின் எலும்பு கிடைத்தபோதும் நோயாளி என்றுதான் சிலர் சொன்னார்கள். ஒருவர் என்புருக்கி (எலும்பு வளையும் நோய்) கண்ட கொசாக் குதிரைவீரன் என்றார். 1864இல் வில்லியம் கிங் அதற்கு இனப்பெயர் வைத்தார். அது நிலைத்தது. ஆனால் ஆபிரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்களின் மரபணுவில் ஏறக்குறைய 2 சதவீதம் நியாண்டர்தாலுடையது. கலந்து வளமான சந்ததி தருவதே ஓர் இனம் என்ற பாடநூல் வரைவிலக்கணம் அங்கேயே இடறுகிறது.

புளோரெஸ் விடயத்தில் என் கணிப்பு நோய்வாதத்துக்கு எதிரானது. 2007இல் மணிக்கட்டு என்புகளை ஆராய்ந்தார்கள். அமைப்பு நம்முடையதாக இல்லை, குரங்குவழிப் பழைய வடிவம். தலையைச் சிறுக்க வைக்கும் நோய் மணிக்கட்டை அப்படி மாற்றாது. பிறகு அதே தீவின் மாத்தா மெங்கேயில் ஏறக்குறைய 700,000 ஆண்டுப் பழமையான சிறிய தாடையும் பற்களும் கிடைத்தன, 2016இல் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய காலத்திலும் அத்தனை சிறியவர்கள் அங்கே இருந்தார்கள் என்றால், ஒரு பெண்ணுக்கு வந்த நோய் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் பிள்ளை இரண்டு பக்கத்தையும் பார்த்துத் தானே முடிவெடுக்கட்டும்.

குழுப் பொறுப்பாளர்

நேரமாகிவிட்டது. கருத்துத் தெரிவித்தவர்களில் கூடுதலானோர் பக்கம் இது: முதல்முறை 'உயிரியல் இனம்', பிறகு 'இனம்'. 'தனி' வேண்டாம். தலைப்பு: "வேறோர் உயிரியல் இனமா, நோயுற்ற மனிதரா?" நெல்லின விளக்கம் அடியில் ஒரு பெட்டியில் வரும்.

வவுனியா

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. உயிரியல் இனம் என்றால் உயிரியல் அல்லாத இனம் எது என்று பிள்ளை கேட்கும். கிளைப்பிறப்பை மீண்டும் கொண்டுவருவேன்.

முல்லைத்தீவு

ரீச்சர், அச்சகத்துக்குப் போகமுன் டெனிசோவாப் பதாகையையும் பாருங்கள். 2010இல், சைபீரியாவின் டெனிசோவாக் குகை விரலென்பின் டிஎன்ஏ மூலம் அந்த ஆதிமனிதரைக் கண்டவர்கள் இனப்பெயர் வைக்காமல் விட்டார்கள். சீனாவின் ஹார்பின் மண்டையோட்டுக்கு 2021இல் ஹோமோ லோங்கி என்று பெயர் வந்தது, 2025இல் அதுவும் டெனிசோவர் என்று புரதமும் டிஎன்ஏயும் காட்டின. அந்தப் பெயர் எல்லாருக்கும் பொருந்துமா என்று இன்னும் பேசுகிறார்கள். அங்கே 'இனம்' போடாமல் 'குடித்தொகை' (population) என்று மாற்றினால் நல்லது.