லாத்வியாவின் லீகோ இரவு: விருந்தினராகச் செல்லும்போது எதை எடுத்துச் செல்வது?

கேள்வி (ரீகாவில் மருத்துவம் பயிலும் மாணவி):

அனைவருக்கும் வணக்கம். என் வகுப்புத் தோழி ஜூன் 23 அன்று லீகோ என்னும் கோடை விழாவைக் கொண்டாடக் கிராமத்திலுள்ள தன் பாட்டியின் பண்ணை வீட்டிற்கு என்னை அழைத்திருக்கிறாள். ஆண்டின் மிக நீண்ட பகலான கோடைக் கதிர்த்திருப்பம் 21ஆம் தேதியை ஒட்டி நிகழும்போது விழா மட்டும் ஏன் 23, 24ஆம் தேதிகளில் நடைபெறுகிறது? நான் முட்டை சாப்பிடுவதில்லை. விழாவில் மூட்டும் நெருப்பைத் தாண்டியே ஆக வேண்டுமா? பாட்டிக்கு என்ன வாங்கிச் செல்வது?

மறுமொழி (வீட்ஸெமெ பகுதியில் வசிப்பவர்):

வணக்கம் தங்கை. கிறித்தவம் வந்த பிறகு இப்பழைய விழா ஜூன் 24ஆம் நாளான புனித யோவான் திருநாளோடு இணைந்துவிட்டதால்தான் அந்தத் தேதிகள் நிலைத்தன.

கடையில் எதையும் வாங்க வேண்டாம். வழியில் புல்வெளியில் இறங்கி, டெய்சியும் நீலப் பூக்களும் மணக்கும் புல்லும் கைகொள்ளும் அளவுக்குப் பறித்துச் செல்லுங்கள். விருந்தினர் மூலிகைகளோடும் பாட்டோடும் வருவதும், வீட்டார் பாலாடைக்கட்டியும் பீரும் தந்து வரவேற்பதுமே இவ்விழாவின் முறை. பெண்கள் பூமாலையையும் ஆண்கள் ஓக் இலை மாலையையும் தலையில் சூடுவார்கள். காம்புகளை நீளமாக விட்டுப் பறித்தால்தான் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி மாலை பின்ன வரும்.

அந்தப் பாலாடைக்கட்டியில் பெரும்பாலும் முட்டை உண்டு. கொதிநிலையை நெருங்கும் பாலில் தயிர்க்கட்டியைச் சேர்த்துத் திரித்து, நீரை வடித்து, வெண்ணெய், முட்டை, உப்பு, சீரகம் போலத் தோன்றும் கேரவே விதை ஆகியவற்றைக் கிளறித் துணியில் இறுக்கிக் கட்டுவார்கள். ஆகவே தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெருப்பைத் தாண்டுவது உங்கள் விருப்பம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

மறுமொழி (தாவரவியல் ஆசிரியர்):

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இவ்விழாவின்போது அங்கே வீட்டுக்குள் மணத்திற்காக வைக்கும் நீண்ட வாள் போன்ற இலைகள், நம் வீடுகளில் கைக்குழந்தைகளுக்குச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் அதே வசம்புச் செடியின் இலைகள்தாம். கசக்கி முகர்ந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

கேட்டவர்:

வசம்பு என்றதும் மனம் நெகிழ்ந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. இரவு முழுவதும் விழித்திருந்து பாடுவார்களாமே? எனக்கு லாத்விய மொழி அவ்வளவாக வராது.

மறுமொழி (வீட்ஸெமெ பகுதியில் வசிப்பவர்):

தயங்க வேண்டாம். ஒருவர் ஓர் அடியைப் பாடியதும் மற்றவர்கள் சேர்ந்து "லீகோ, லீகோ" என்று இழுப்பார்கள். அந்த ஒரு சொல் போதும், நீங்களும் பாடகர்தாம். சோவியத் காலத்தில் பல ஆண்டுகள் இதற்கு அரசு விடுமுறை இல்லாதிருந்தும் மக்கள் இப்பாடல்களைக் கைவிடவில்லை என்பதால், கூடப் பாடும் விருந்தினரை அவர்கள் மிகவும் மதிப்பார்கள். சூரியன் இரவு 10.20 வாக்கில் மறைந்து அதிகாலை 4.30 வாக்கில் எழும். அதுவரை நெருப்பை அணைய விடமாட்டார்கள். அன்றிரவு உறங்குபவர் கோடை முழுவதும் தூங்கிவழிவார் என்பது அவர்கள் நம்பிக்கை.

கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். நள்ளிரவுக்குப் பின் நன்றாகக் குளிரும். புல்வெளியில் உண்ணிகள் அதிகம், அவை மூளையழற்சியைப் பரப்பக்கூடியவை. நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு பூப்பறியுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் கவனமாகப் பாருங்கள்.