170 கிராம்: ‘தி கிவர்’ படித்த பிள்ளைகள் எங்கே நின்றார்கள்?

நூலகத் திண்ணை:
‘தி கிவர்’ லோயிஸ் லோரி எழுதின நாவல்: வலியும் நிறமும் பழைய நினைவுகளும் இல்லாத ஒரு ஊர், அந்த நினைவுகளையெல்லாம் வாங்கிச் சுமக்கப் போற பன்னிரண்டு வயசு ஜோனாஸ். நேரா 19ஆம் அத்தியாயத்துக்கு வர்றேன். ஜோனாஸோட அப்பா இரட்டைக் குழந்தைகளை எடை போடுற இடம். எடை குறைஞ்சதை ஊசி போட்டுக் கொன்னு அட்டைப்பெட்டியில வச்சு அனுப்பிடுவார், அந்த ஊர்ல அதுக்குப் பேர் ‘ரிலீஸ்’. ஒண்ணு சரியா 6 பவுண்டு, இன்னொண்ணு 5 பவுண்டு 10 அவுன்ஸ். எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி ஓரத்துல பென்சிலால கணக்குப் போட்டிருந்தா: வித்தியாசம் 6 அவுன்ஸ் = 170 கிராம். கீழே, “ஒரு சோப்புக் கட்டி.” மத்த பசங்க ஊசியைப் பத்தியும் அட்டைப்பெட்டியைப் பத்தியும் கத்திக்கிட்டு இருந்தாங்க. இவ மட்டும், “ரெண்டும் ஒரே எடையா இருந்திருந்தா?”ன்னு கேட்டா. அதையும் அந்த அப்பாவே சிரிச்சுக்கிட்டுச் சொல்றார், அப்படி இருந்தா சிக்கலாயிருக்கும்னு. அந்த வரியைக் காட்டினதும் புத்தகத்தை மூடிட்டா. உங்க பிள்ளைங்க எங்க நின்னாங்க?

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு:
16ஆம் அத்தியாயம். “என்மேல அன்பு இருக்கா?”ன்னு ஜோனாஸ் கேட்க, வார்த்தையைச் சரியாகப் பயன்படுத்து என்கிறார் அப்பா. உன் சாதனைகளில் எங்களுக்குப் பெருமை உண்டா என்று கேள், ‘ஆம்’ என்போம் என்றும் அவரே சொல்கிறார். வகுப்பே சிரித்தது. ஒரு பையன் மட்டும், “இதுல என்ன சார் தப்பு? ரேங்க் கார்டு வர்ற அன்னிக்கு எங்க வீட்லயும் இதேதான்” என்றான். அதற்கப்புறம் சிரிப்பு இல்லை. அதே பக்கத்தில்தான் ஜோனாஸ் பெற்றோரிடம் முதல் பொய் சொல்கிறான். முக்கால்வாசிப் பேர் அந்த வரியைக் கவனிக்காமலே தாண்டிவிட்டார்கள்.

பழைய பேப்பர்:
2014 படத்தை முதல்ல பார்த்துட்டு வந்த பசங்களோட பேசிப் பாருங்க. கொடுமை. படம் ஆரம்பமே கறுப்பு வெள்ளை. நாவல்ல அப்படி இல்ல, நிறம் இல்லைன்னு யாரும் சொல்றதே கிடையாது. ஆப்பிள் காத்துல ஒரு நொடி ‘மாறுது’, அவ்வளவுதான். என்ன மாறிச்சுன்னு 12ஆம் அத்தியாயம் வரைக்கும் தெரியாது. அதைப் புத்தகத்துல படிச்ச ஒரு ஆறாவது பையன், பழைய பக்கங்களைத் திருப்பி எங்கயாவது நிறத்தோட பேர் இருக்கான்னு தேடிக்கிட்டே இருந்தான். படம் பார்த்தவனுக்கு அந்தத் தேடல் வராது. பன்னிரண்டு வயசுப் பையனை வாலிபனாக்கினதும் வேற கோளாறு.

சொல்லேருழவி:
@நூலகத் திண்ணை, அந்த அத்தியாயத்துக்கு முன்னால் ‘ரிலீஸ்’ என்பதை எப்படிச் சொல்லியிருந்தீர்கள்? ‘விடுதலை’ என்றால் கொண்டாட்டமாகிவிடும், ‘விடுவிப்பு’ என்றால் அலுவலக ஆணை. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி ‘அனுப்பி வைத்தல்’ என்றாள். வழியனுப்பு விழா போல இனிப்பாக இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ‘காலமானார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றெல்லாம் நாமும்தானே சொல்கிறோம் என்று அவளே சேர்த்துக்கொண்டாள். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு: நமக்குப் பொருள் தெரியும். ஜோனாஸுக்குத் தெரியாது. நாம் சாவை மறைப்பதில்லை, பூசி மெழுகுகிறோம்.

பழைய பேப்பர்:
முடிவைப் பத்தி யாருமே பேசலயே? ஊரை விட்டு ஓடின ஜோனாஸ் செத்துட்டானா இல்லையான்னு பசங்க அடிச்சுக்குறாங்க. 2004ல வந்த மூணாவது புத்தகத்துலயும் 2012ல வந்த நாலாவதுலயும் பதில் இருக்கு, உயிரோடதான் இருக்கான்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு:
ஐயா, ஏன் இப்படிப் போட்டு உடைக்கிறீர்கள்! கடைசி வரியில் பின்னாலிருந்து கேட்கும் இசை வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம் என்று முடிகிறதே, அதற்காகவே படிக்கும் பிள்ளைகள் உண்டு.

வாசிப்பு வாத்தியார்:
கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மொத்தம் 23 அத்தியாயம். ஐந்து அமர்வாகப் பிரியுங்கள்: 1–5, 6–10, 11–15, 16–19, 20–23. பதினெட்டோடு நிறுத்தி, மிச்சத்தை வீட்டில் படி என்று அனுப்பாதீர்கள். பத்தொன்பதைத் தனியாகப் படித்த குழந்தை இரவில் யாரிடம் கேட்கும்? பத்து வயதுக்குக் கீழே கொடுக்கவே வேண்டாம். முதல் அமர்வில் அந்த ஊரின் விதிகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்: ஒன்பது வயதில் சைக்கிள், ஒரு வீட்டுக்கு ஒரு பையன் ஒரு பெண், பிள்ளைகள் வளர்ந்ததும் குடும்பம் கலைந்துவிடும், தாத்தா பாட்டி என்ற உறவே கிடையாது. இந்தக் கடைசி விதியில்தான் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். “நினைவுகள் நல்லதா கெட்டதா?” என்று பட்டிமன்றம் மட்டும் வைத்துவிடாதீர்கள், மனப்பாடப் பதில்தான் வரும். அதற்குப் பதில் லோயிஸ் லோரி 1994இல் இந்த நாவலுக்காக நியூபெரி விருது (அமெரிக்கச் சிறார் இலக்கிய விருது) ஏற்புரையில் சொன்னதைச் சொல்லுங்கள்: முதுமையில் நினைவு மங்கிய அவருடைய அப்பா, இறந்துபோன மூத்த மகளின் படத்தைப் பார்த்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார். சொன்னால் அந்தத் துக்கம் அவருக்குப் புதிதாக வரும். பிள்ளைகளிடம் கேளுங்கள், நீ சொல்வாயா?

சொல்லேருழவி:
கேட்டோம். சொல்லக்கூடாது என்றவர்கள்தான் அதிகம். “அப்ப நீயும் அந்த ஊர் ஆள்தான்” என்றாள் ஒரு சின்னவள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நூலகத் திண்ணை:
@சொல்லேருழவி, ‘ரிலீஸ்’னே விட்டுட்டேன். தப்புதான், சினிமா ரிலீஸ்னு ரெண்டு பேர் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டா, பென்சில் கணக்கை அழிக்கல. அடுத்து எடுத்த பையன் அதுக்குக் கீழே எழுதியிருக்கான்: “சோப்பு 100 கிராம்தான்.”