கலைச்சொல் குழு மடல்கள் (எழுதுவோர் ஊர்ப்பெயரில்)
பொருள்: டீகன்ஸ்ட்ரக்டிவிசம் – 'கட்டுடைப்பு' போடலாமா? (அவசரம்)

தஞ்சாவூர்:
கட்டடக்கலை மாணவர்களுக்கான தமிழ்ப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டீகன்ஸ்ட்ரக்டிவிசம் என்பது சுவரையும் கூரையையும் வேண்டுமென்றே கோணலாக, சிதறியதுபோல அமைக்கும் கட்டடப் பாணி. கட்டடக் கலைஞர்கள் கெரி, ஸாஹா ஹதித், லிபெஸ்கிண்ட் மூவரும் 1988இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியில் இந்தப் பெயரின்கீழ் இடம்பெற்றவர்கள். 'டீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதற்கு இலக்கியத் திறனாய்வில் வழங்கும் 'கட்டுடைப்பு' இங்கே உதவாது. 'கட்டுடைப்புக் கட்டடம்' என்றால் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய கட்டடம் என்றே படிப்பார்கள்.

கும்பகோணம்:
'கட்டவிழ்ப்பு' இருக்கிறதே ஐயா. பூ அவிழ்வதும் இதே வினைதான். ஸ்பெயினின் பில்பாவோவில் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் (1997) டைட்டானியத் தகடுகளுக்கு வேறென்ன பொருந்தும்?

மயிலாடுதுறை:
சுவர் அவிழ்ந்தால் மேஸ்திரியைத்தான் கூப்பிடுவோம். நெடுநல்வாடையிலேயே கயிறிட்டு மனை வகுக்கிறார்கள். கொத்தனார் இன்றும் 3, 4, 5 அடி நூல் பிடித்து மூலைமட்டம் பார்க்கிறார். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் எழுப்புகிறார். கெரி முதலானோர் வேண்டுமென்றே மீறுவது இவ்விரண்டையும்தான். ஆகவே 'தூக்குப்பிறழ்வு'. செய்யுளுக்கும் தூக்கு என்று பெயருண்டு. தூக்குதல் என்றால் எடை பார்த்தல். ஆக, சீர் பிறழ்ந்த பாட்டுக்கும் இதே சொல் ஆகும்.

திருவாரூர்:
தூக்கு என்றதும் மாணவனுக்கு மேடைதான் நினைவுக்கு வரும். அதைவிட, 'அவிழ்தல்' பாராட்டு, 'பிறழ்வு' திட்டு. ஊரே இரண்டுபட்டுக் கிடக்கும் விஷயத்தில் சொல்லே தீர்ப்புச் சொல்லலாமா? பில்பாவோவைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. டொராண்டோவில் பழைய அருங்காட்சியகத்தில் லிபெஸ்கிண்ட் செருகிய 'படிகம்' என்னும் கோணல் கட்டடத்தை (2007) திட்டுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. 'பிரிகட்டு' எனலாம்: பிரித்துக் கட்டுவது, வினைத்தொகை.

நாகப்பட்டினம்:
'பிரித்து மேய்ந்துவிட்டார்கள்' என்பதும் நினைவுக்கு வருகிறது! எதைப் போட்டாலும் குறைகளைப் பற்றி ஒரு பத்தி சேருங்கள். கெரி வடிவமைத்த லாஸ் ஏஞ்சலிஸ் டிஸ்னி இசையரங்கில் பளபளத்த குழிவான எஃகுத் தகடுகள் வெயிலைக் குவித்து எதிர்வீடுகள்மேல் அடித்தன. 2005இல் தேய்த்து மங்கலாக்கினார்கள். அவரே வடிவமைத்து 2004இல் திறந்த ஸ்டாட்டா மையத்தில் ஒழுகல், வெடிப்பு என்று 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அவர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டு, 2010இல் சமரசம். இரு சரிவு சேரும் இடமெல்லாம் ஒழுக வழிதான். நம் முற்றத்து வீட்டில் அப்படி நாலே கூடல்வாய். ஓட்டுக்கடியில் தகடு விரித்து, ஐப்பசி மழைக்கு முன் சருகைத் தள்ளிவிட்டால் போதும். அடைத்தால் தண்ணீர் தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். கோணல் கூரையில் அந்த மூலைகள் ஏராளம். தகடும் கான்கிரீட்டும் வெயிலில் ஒரே அளவு நீளாததால் இடையில் நீர் புகாதபடி பூசிய சீலன்ட் பசையும் பிளக்கும்.

கும்பகோணம்:
கெரியே ஏற்காத முத்திரை டீகன்ஸ்ட்ரக்டிவிசம். அதற்கா இவ்வளவு? ஒலிபெயர்த்துவிடலாமே.

மயிலாடுதுறை:
அதற்கு இந்தக் குழு எதற்கு?

தஞ்சாவூர்:
மூன்று பேர் 'கட்டவிழ்ப்பு' சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். 'கட்டவிழ்ப்பு பாணி' என்று வைக்கிறேன். முதல் பக்கத்தில் மட்டும் ஒலிபெயர்ப்பு. கூடல்வாய்ப் பத்தியும் சேர்கிறது.

மயிலாடுதுறை:
'கட்டவிழ்ப்புப் பாணி'. ஒற்று மிகும். சொல்லுக்கு என் உடன்பாடு இல்லை.

திருவாரூர்:
எனக்கும்தான். பாணி என்பது தாளமல்லவா?